எல்லாம் நீலம்தானே? ஒரே நிறத்தில் பேட்ச்வொர்க் போர்வை தைக்கும்போது நேரும் தவறுகள்

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க் போர்வையைப் பல நிறத் துணிகளை வைத்துத் தைப்பதைவிட ஒரே நிறத்தில் தைப்பது சுலபம் என்று நினைத்துத்தான் பலரும் இறங்குகிறார்கள். எதற்கு எது பொருந்தும் என்ற குழப்பமே இல்லையே! உண்மையில் இதுதான் கஷ்டம். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தால் இரண்டும் தானாகப் பிரிந்து தெரியும். நீலத்துக்குப் பக்கத்தில் நீலத்தை வைத்தால் பிரித்துக்காட்ட வெளிர், அடர் என்ற வித்தியாசம் ஒன்றுதான் மிச்சம். அது சரியாக அமையாவிட்டால், வாரக்கணக்கில் வெட்டித் தைத்த போர்வை பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது சாயம் சீராக ஏறாத பெட்ஷீட் மாதிரி இருக்கும்.

இங்கே நீலத்தை வைத்தே பேசுகிறேன். பச்சையோ பழுப்போ எடுத்துக்கொண்டாலும் கணக்கு பெரும்பாலும் இதேதான்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. மேட்சிங் சென்டரில் பிளவுஸ் துணி அடுக்கிய அலமாரி முன் நின்று ஆனந்தா ப்ளூ, எம்.எஸ். ப்ளூ, காப்பர் சல்பேட் ப்ளூ, ராயல் ப்ளூ என்று ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் வாங்குகிறோம். பெயர் வேறு, சாயல் வேறு. ஆனால் எல்லாமே கண்ணைப் பறிக்கும் நடுத்தர நீலங்கள். நமக்குப் பிடிப்பதும் கடையில் அதிகம் இருப்பதும் இந்த நடுத்தரம்தான். அதனால் பை நிறைய துணி இருந்தும் போர்வையில் டிசைன் எழும்பாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாங்கப்போகும் துணிகளை விரல்கிடை அளவு தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நேரில் நான்கு தனி நீலங்களாகத் தெரிந்தவை படத்தில் ஒரே சாம்பல் பட்டையாக ஒட்டிக்கொண்டால், அந்த நான்கும் உங்கள் போர்வைக்கு ஒரே துணிதான். இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி போல அரைகுறை நீலம் ஒன்றும், கறுப்போ என்று சந்தேகப்பட வைக்கும் நேவி ஒன்றும் கேளுங்கள். கடைக்காரர் இதெல்லாம் நீலமா என்று பார்ப்பார். பார்க்கட்டும். இந்த இரண்டு ஓரங்களும் இருந்தால்தான் நடுவில் இருப்பவை நீலமாகத் தெரியும்.

வெளிர், நடுத்தரம், அடர் மூன்றையும் சம அளவில் வாங்கவேண்டியதில்லை. சமமாக இருந்தால் எது மேலோங்குவது என்று தெரியாமல் சப்பென்று போய்விடும். முதல் முறை தைப்பவர்களுக்கு என் யோசனை: பாதி நடுத்தரம், மீதியில் அடர் கொஞ்சம் கூடுதல், வெளிர் குறைவு. அளவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 5 இன்ச் சதுரமாக வெட்டி, கால் இன்ச் தையல் விட்டுச் சேர்த்தால் ஒரு சதுரம் நாலரை இன்ச் ஆகும். அகலத்தில் 13, நீளத்தில் 20 வைத்தால் 58½ க்கு 90 இன்ச், ஒற்றைக் கட்டிலுக்குப் போதும். மொத்தம் 260 சதுரம். 44 இன்ச் பன்னா (அகலம்) துணியில் மீட்டருக்கு 56 சதுரம் வரை கிடைக்கும். எனவே மேல்பக்கத்துக்கு மட்டும் 5 மீட்டர்; அரை அரை மீட்டராக வாங்கினால் துண்டுக்கு 24 சதுரம்தான் வரும், அதனால் ஐந்தரை மீட்டர். அதை எத்தனை ஷேடாகப் பிரிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். 10 ஷேடாவது இருந்தால் நல்லது.

கடை வெளிச்சத்தை நம்புவதும் பழைய தவறுதான். புடவை எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற நாம், அரை மீட்டர் துணிக்கு யார் நடப்பது என்று விட்டுவிடுகிறோம். எல்.இ.டி. விளக்கில் ஒன்றுபோல் இருந்த இரண்டு நீலங்களில் ஒன்று பகலில் ஊதாவாகிவிடும், இன்னொன்று பச்சை பக்கம் சாயும். ஒருமுறை வாசலுக்குப் போய் வந்துவிடுங்கள்.

அதற்காக ஊதா சாய்ந்ததையும் பச்சை சாய்ந்ததையும் ஒதுக்கிவிடக் கூடாது. அது இதற்கு நேரெதிரான தவறு. எல்லாம் கச்சிதமாக ஒரே குடும்பத்து நீலமாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தால், பெயின்ட் கடையின் ஷேடு கார்டுதான் கிடைக்கும். மயில்நீலத்தில் நாலு சதுரம், கத்திரிப்பூ பக்கம் போகும் நீலத்தில் நாலு சதுரம் சிதறிக் கிடந்தால் மற்ற நீலங்களுக்கு உயிர் வரும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்டுகளை, அதாவது துண்டுத் துணிப் போர்வைகளைப் பார்த்தால் இது புரியும். 2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பல, வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளில் தைத்தவை. கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளைக் கொண்டு மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல் தைத்த குவில்ட் இந்த வகையில் முக்கியமானது. இந்த வேலை உடுப்புக் குவில்ட்டுகளில் முழங்கால் வெளுத்த இடம் ஒரு நீலம், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் வெயில் படாத இன்னொரு நீலம். ஒரே பேன்ட்டுக்குள் மூன்று நான்கு ஷேடு. கடையில் வாங்கி இதைக் கொண்டுவர முடியாது.

பழைய ஜீன்ஸ் நம் வீட்டிலும்தான் இருக்கிறது. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். டெனிமில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடுவது) நீலம், ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) வெள்ளை. உள்பக்கத்தில் ஊடை அதிகம் தெரிவதால் அது வெளிர் நீலமாக இருக்கும். காசில்லாமல் ஒரு ஷேடு! ஆனால் ஜீன்ஸ் என்றால் முழுப் போர்வையும் ஜீன்ஸாக இருக்கட்டும். கனத்த டெனிமுக்குப் பக்கத்தில் லைனிங் துணி மாதிரி மெல்லியதை வைத்துத் தைத்தால், இழுபடும்போது மெல்லியதுதான் முதலில் கிழியும். நைந்த பழம்புடவையைப் புதுத் துணியோடு சேர்ப்பதும் அப்படித்தான்.

பூப்போட்ட, புள்ளி வைத்த துணிகளை எடுத்தால் கையில் வைத்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மதுரைச் சுங்குடி அழகான உதாரணம். அடர் நீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சேலையை அருகில் பார்த்தால் அடர் குவியலுக்குத்தான் போகும். சற்றுத் தள்ளி நின்றால், நெருக்கமாகப் புள்ளி இருக்கும் உடல்பகுதி வெளுத்து நடுத்தரமாகிவிடும்; புள்ளி குறைந்த பகுதி அடராகவே நிற்கும். ஒரே சேலையிலிருந்து வெட்டிய இரண்டு சதுரங்கள் இரண்டு குவியலுக்குப் போகவேண்டி வரும். மயில்கழுத்து நிறத் துணியில் வேறொரு வேடிக்கை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் நெடுக்கு குறுக்காகும்படி திருப்பி வைத்தால் நிறமே மாறும். தெரியாமல் செய்தால் குளறுபடி. தெரிந்து ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைத்தால் அதே துணி இரண்டாகத் தெரியும்.

அடுத்தது சாயம். நீலத்தில் இதுதான் பெரிய வில்லங்கம். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைக்கவேண்டும் என்று சொன்னால் அலுத்துக்கொள்கிறார்கள். நேவியும் வெளிர் நீலமும் அடுத்தடுத்து உட்காரும் போர்வையில் அலுத்துக்கொள்ள இடமில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு அடர் துணியிலும் அழுத்தித் தேயுங்கள். நீலம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக வெந்நீரில் சோப்புப் போட்டு, அலசும் நீர் தெளிவாகும்வரை அலசவேண்டும்.

இங்கே கல்லுப்பு வைத்தியம் வந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் கைவைத்தியம். சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். ஆனால் அங்கே அதன் வேலை, தொட்டியில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணிமேல் ஏறவைப்பது. இன்று பருத்திக்குப் பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயம் நூலோடு பிணைவது சோடா மாதிரியான காரத்தால். பட்டறையில் பிணையாமல் விட்டுப்போன சாயத்தை உங்கள் கைப்பிடி உப்பு பிடித்து நிறுத்தாது. வெந்நீரில் அலசி வெளியேற்றத்தான் வேண்டும். ஜீன்ஸுக்கு ஏற்றும் அவுரி (இண்டிகோ) நீலத்தின் கதை வேறு. அது நீரில் கரையாத சாயம், நூலின் மேல்புறத்தில் படிந்து நிற்பது. அதனால் அலசும் தண்ணீர் தெளிந்துவிட்டாலும், உரசும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். புது ஜீன்ஸ் போட்ட நாளில் கையெல்லாம் நீலமாவது இதனால்தான். கைத்தறி அவுரித் துணி வாங்கினால், அதை ஏறக்குறைய வெள்ளையான சதுரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் நடுத்தரங்களுக்கு நடுவே வையுங்கள். பலமுறை அலசியும் தண்ணீர் தெளியாத துணியை, எவ்வளவு பிடித்திருந்தாலும், இந்தப் போர்வையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

முன்னாலேயே துவைப்பதில் இன்னொரு லாபம், சுருங்குவது சுருங்கிவிடும். பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் கலந்தது அவ்வளவாகச் சுருங்காது. இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே அங்கங்கே இழுத்துக்கொள்ளும். பனியன் துணி வேண்டவே வேண்டாம், அது இழுபடும்.

வெட்டும்போது நேர்நூல் முக்கியம். ஜவுளிக்கடையில் ஓரத்தில் சின்னதாகக் கத்தரித்து சரக்கென்று கிழித்துக் கொடுப்பார்களே, பருத்தியில் அந்தக் கிழிசல் நூல்போன போக்கிலேயே போகும். நீங்களும் ஓரத்தை அப்படிக் கிழித்துவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து அளந்து வெட்டினால் சதுரம் சதுரமாகவே இருக்கும். குறுக்காக வெட்டிய துண்டு தைக்கத் தைக்க நீண்டுகொண்டே போகும்.

வெட்டியவுடன் மெஷினில் உட்கார்ந்துவிடாதீர்கள். கைக்கு வந்தபடி தைத்தால் இயல்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கைக்கு வந்தபடி எடுத்தால் மூன்று நேவி ஒரே மூலையில் கூடும், போர்வையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். தரையில் பரப்பி, முதலில் அடர் சதுரங்களை ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள், அப்புறம் வெளிர், கடைசியில் நடுத்தரத்தால் நிரப்புங்கள். நாற்காலியில் ஏறி நின்று கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. திருப்தியானதும் வரிசைக்கு ஒரு சீட்டு எழுதிக் குத்திவையுங்கள். மேலிருந்து கீழே வெளிரிலிருந்து அடருக்கு இறங்கும் டிசைன் என்றால், ஐந்தாறு ஷேடை வைத்துக்கொண்டு தொடங்கினால் பட்டை பட்டையாகத்தான் வரும். ஒவ்வொரு ஷேடின் ஓரத்திலும் சில சதுரங்களை அடுத்த ஷேடுக்குள் நுழைத்துவிட்டால் அந்தக் கோடு மறையும்.

தையலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கால் இன்ச். தையல் ஒன்றில் 1/16 இன்ச் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு துண்டிலுமாக 1/8 இன்ச் போகும். 13 சதுர வரிசையில் 12 தையல், ஆக ஒன்றரை இன்ச் குறையும். ஒரு வரிசை குறைந்து அடுத்தது குறையாமல் இருந்தால் மூலைகள் எதுவும் சேராது. மெஷினின் பாதத்தை நம்பாமல், ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து அடித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். தெரிந்த டெய்லரிடம் கொடுப்பதாக இருந்தால் இதை நாலு தடவை சொல்லவேண்டும். பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி விட்டே பழகிய கை அது.

தையலை அயர்ன் செய்யும்போது உள்மடிப்பை அடர் துணி பக்கம் சாய்க்கவேண்டும். நேவியின் மடிப்பு வெளிர் துணிக்கு அடியில் கிடந்தால் மேலே நிழல்கோடாகத் தெரியும். சாய்க்க முடியாத இடத்தில் நேவியின் உள்மடிப்பு ஓரத்தை மட்டும் சற்றே குறைத்து வெட்டிவிட்டால் போதும்.

போர்வைக்கு மூன்று அடுக்கு: தைத்த மேல்பக்கம், நடு அடுக்கு, அடித்துணி. நடுவில் வைப்பதற்கு நம் வெயிலுக்குத் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு தேவையில்லை. ஃபிளானல் துணியோ, இரண்டாக மடித்த பழைய வெளிர் நிறப் பருத்திப் புடவையோ நன்றாக இருக்கும். அடர் நிறப் புடவையை வைத்தால் மேலே தெரியும். பஞ்சுத்தாள்தான் வேண்டுமென்றால் எவ்வளவு இடைவெளியில் தையல் ஓட்டவேண்டும் என்று அதன் உறையில் இருக்கும், அதைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு திரளும். அடித்துணி நாலு பக்கமும் 3 இன்ச்சாவது பெரிதாக இருக்கட்டும்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையலுக்கு வெள்ளை நூல் எடுக்கும்போது யோசியுங்கள். நேவி மேல் வெள்ளை நூலோட்டம் அழகுதான். ஜப்பானியர்களின் சாஷிகோ தையலே அந்த அழகை நம்பியது. ஆனால் அங்கே ஒவ்வொரு தையலும் அரிசி அரிசியாக ஒரே அளவில் விழும். கை இன்னும் பழகவில்லை என்றால் நடுத்தர நீல நூல் எடுங்கள், கோணல் தெரியாது.

ஓரப் பட்டியை வெளிர் துணியில் போடாதீர்கள். போர்வையில் முதலில் அழுக்காவது ஓரம்தான், அதிலும் தலைமாட்டுப் பக்கம். தேங்காய் எண்ணெய் வைத்த தலை படும் இடம் அது. பட்டியை நேவியில் போட்டு, மேல் இரண்டு வரிசையில் மிக வெளிர் சதுரங்களைத் தவிர்த்துவிட்டால் கறை கண்ணில் படாது. இதைத் தரையில் பரப்பும்போதே முடிவுசெய்யவேண்டும். தைத்தபிறகு எந்தப் பக்கம் தலைமாடு என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொண்டு போர்த்தப்போவதில்லை என்பதால், முடிந்தால் கால்மாட்டு வரிசைகளுக்கும் அதையே செய்துவிடுங்கள்.