முதியவர் உடற்கூறாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியவர்களின் உடலை ஆய்வு செய்யும் இளம் மருத்துவர்கள், மாணவனாக நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையுறை, முத்திரை போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதய அடைப்பைக் கண்டதும் கத்தியைக் கீழே வைப்பது

'இரவில் படுத்தவர் காலையில் எழவில்லை' என்ற குறிப்போடு 78 வயது மூதாட்டியின் உடல் வந்தது. இதயத் தமனியில் முக்கால் பங்கு அடைப்பைக் கண்டதும் மாரடைப்பு என்று எழுதத் தயாரானேன். என் பேராசிரியர் ஒன்றும் பேசாமல் அந்த அம்மாளின் கீழுதட்டை விரலால் மடக்கிக் காட்டினார். ஈறோரத்தில் மிளகளவு கன்றல் இருந்தது. வாயைப் பொத்தி அழுத்தினால் பல் இருப்பவருக்கு உதட்டின் உட்புறம் கிழியும். பொக்கைவாயில் அந்தத் தடயம் இல்லாமலே போகலாம். பிறகு கழுத்தைத் திறந்தபோது, குரல்வளைக் குருத்தெலும்பின் மேற்கொம்பு முறிந்து, சுற்றிலும் இரத்தம் கசிந்திருந்தது; கழுத்தை நெரித்ததற்கான அடையாளம் அது.

முக்கால் அடைப்போடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் ஏராளம். அடைப்பு இருந்தது என்பது வேறு, அதனால் இறந்தார் என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தலையையும் மார்பையும் முதலில் திறந்து, இரத்தம் வடிந்த பிறகே கழுத்தைத் தசை தசையாகப் பிரிக்க வேண்டும். இல்லையேல் அறுக்கும்போது கசியும் இரத்தமே காயம்போலத் தோன்றும். முதுமையில் அக்கொம்புகள் எலும்பாகி இறுகுவதால் ஆய்வின்போதும் முறியக்கூடும். ஆகவே கசிவில்லாத முறிவை மட்டும் வைத்து யார்மீதும் பழி சுமத்தக் கூடாது.

தோல் திட்டுகள்

முன்கையின் ஊதாத் திட்டுகள் முதுமையிலேயே வரும். மேற்கையின் உட்புறத்தில் விரல்நுனி அளவில் வரிசையாக இருப்பவற்றை விடாதீர்கள்; யாரோ இறுகப் பிடித்த தடமாக இருக்கலாம்.

விலா முறிவு

மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றார்களா என்று முதலில் கேளுங்கள்; அதனாலும் விலா முறியும்.

குளிர்ப்பெட்டி

உடலை எப்போது வைத்தார்கள் என்று அறியாமல் இறந்த நேரத்தைக் கணிக்காதீர்கள்.

'வயது மூப்பு' என்று எழுதி முடிப்பது

இங்கிலாந்தின் ஹைட் நகர மருத்துவர் ஹரோல்ட் ஷிப்மேன், 1998இல் தாம் கொன்ற 81 வயதுப் பெண்ணின் மரணத்துக்கு முதுமையே காரணம் என்று சான்றளித்தார். புதைத்த உடலைத் தோண்டி ஆராய்ந்த பிறகே திசுக்களில் மார்ஃபின் இருந்தது தெரியவந்தது. 2000இல் 15 கொலைகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த பொது விசாரணை, அவரால் இறந்தவர்கள் 215 பேர் என்று கண்டது. விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்ற பெயரில் எண்ணெய்க் குளியலும் இளநீருமாக முதியவர்களின் உயிரைப் போக்கும் வழக்கத்திலும் வெளிக்காயம் இருப்பதில்லை. காயமில்லாத உடலிலும் கல்லீரல், சிறுநீரகம், தொடைச் சிரையின் இரத்தம் ஆகியவற்றைப் பகுப்பாய்வுக்கு எடுத்து வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளையும் இன்சுலின் குப்பிகளையும் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டு எண்ணும்படி விசாரணை அதிகாரியிடம் அன்றே எழுத்தில் கேளுங்கள்.