தேய்ந்த கிளட்ச் பிளேட்டை மாற்றுவது எப்படி: கியர்பாக்ஸை ஒரே தடவை இறக்கி வேலையை முடிக்க

கிளட்ச் மாற்றுகிற வேலை என்று சொல்கிறோமே தவிர, அது கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற வேலைதான். பழைய பிளேட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட அரைமணி நேரம் போதும், அந்த இடத்துக்குப் போய்ச் சேரவும் திரும்பி வரவும்தான் ஒரு முழு நாள் ஆகும், முதல் தடவை என்றால் இரண்டு நாளே ஆகட்டும். நான் முதலில் செய்தபோது பிளேட்டையும் அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டையும் மட்டும் மாற்றிவிட்டு, பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்துகிற ரிலீஸ் பேரிங்கை, சத்தம் ஒன்றும் வரவில்லையே என்று அப்படியே விட்டுவிட்டேன். சில மாதங்களிலேயே பெடலை மிதித்தால் கரகரவென்று சத்தம். உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பேரிங்குக்காக மறுபடியும் முழு கியர்பாக்ஸையும் இறக்கினேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், போனது பிளேட்தானா என்று உறுதி செய்யுங்கள். மேட்டில் நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது, அதாவது ஸ்லிப் ஆகிறது என்று பொருள். கருகிய வாடை, பெடலைக் கடைசி வரை விட்டால்தான் வண்டி நகர்வது, இவையும் அதே கதைதான். சமதளமான, முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே நின்றுவிடும், தேய்ந்தது என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

ஆனால் கியர் விழ மறுக்கிறது, பெடல் தரையோடு போய்விடுகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் பிளேட்டில் இல்லை. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஆயில் அளவு, பெடல் பக்க மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்க ஸ்லேவ் சிலிண்டர் கசிவு, லைனில் காற்று, இவற்றைப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் நீண்டிருக்கும். கேபிள் வண்டியில் பெடலில் பிளே (மிதிக்கத் தொடங்கும்போது உள்ள சும்மா ஆட்டம்) இல்லாமல் இறுக்கமாக இருந்தாலே ஸ்லிப் வரும், அதைச் சரிசெய்ததும் நின்றுவிட்டால் பெரிய வேலை மிச்சம். சத்தத்தையும் கேளுங்கள்: பெடலை மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதித்ததும் நின்று, பெடலை விட்டதும் திரும்ப வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (பிளேட்டுக்குள் நுழைகிற தண்டு) பேரிங்.

சாமான் வாங்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். ஸ்லேவ் சிலிண்டர் பேரிங்கோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற மாடல் என்றால் அதையும் புதிதாகவே போடுங்கள், அது பின்னால் கசிந்தால் எல்லாம் திரும்ப இறங்க வேண்டும். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் பின்பக்க ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல்கள், கியர் ஆயில், பிரேக் கிளீனர், அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ், இவற்றோடு பிளேட்டை நடுவில் நிறுத்துகிற சென்டரிங் டூல் ஒன்று. சில செட்டிலேயே பிளாஸ்டிக்கில் ஒன்று வரும். கருவிகளில், முறுக்கு அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரென்ச் இல்லாமல் தொடங்கவே வேண்டாம், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலும் பக்கத்தில் இருக்கட்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுக்கும் டிரைவ் ஷாஃப்ட் நட்டுக்கும் முறுக்கு அளவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், கை உத்தேசத்தில் செய்கிற விஷயம் இல்லை.

நான் சொல்லப்போவது முன்சக்கர இழுவை கார்களுக்கு. பின்சக்கர இழுவை என்றால் டிரைவ் ஷாஃப்ட்டுக்குப் பதிலாக புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவீர்கள், கழற்றும் முன் இரண்டு பிளாஞ்சிலும் அடையாளக் கோடு போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே டிரைவ் ஷாஃப்ட் நட்டுகளையும் வீல் நட்டுகளையும் தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு அந்தப் பெரிய நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டுகள் வேண்டும், அவையும் கெட்டியான சமதரையில். ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் இறக்கித் திரும்ப வையுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிறகு பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, கியர் கேபிள்கள், ரிவர்ஸ் சுவிட்ச் வயர், ஸ்பீடு சென்சார், எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வழிவிட வேண்டியதெல்லாம் வழிவிடட்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கிற பெல் ஹவுசிங் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது, அதனால் ஒரு அட்டையில் கியர்பாக்ஸின் வடிவத்தைக் கோடாக வரைந்து, போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைப்பது என் பழக்கம். ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கிற வகை என்றால் லைனைத் திறக்காமல் அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள், அப்புறம் யாரும் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

கியர் ஆயிலை வடிக்கும் முன், ஊற்றுகிற பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்து முடித்த பிறகு அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். கீழ் பால் ஜாயின்டைப் பிரித்து, ஹப்பை வெளியே சாய்த்து டிரைவ் ஷாஃப்ட்டுகளை எடுங்கள். ஷாஃப்ட்டின் வெளிமுனையைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்துவிடும். கியர்பாக்ஸ் பக்கம் நெம்புகோல் வைத்து நெம்பி எடுக்க வேண்டும்.

இனி எஞ்சினுக்குத் தாங்கல். மேலிருந்து தொங்கவிடுகிற சப்போர்ட் பார் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆயில் பேனுக்கும் ஜாக்கிக்கும் நடுவே அகலமான பலகையை வையுங்கள், வெறும் ஜாக்கி பேனைக் குழியாக்கிவிடும். கியர்பாக்ஸுக்குத் தனி ஜாக்கி, கூடவே ஒரு ஆள். சிறிய காரின் கியர்பாக்ஸே சும்மா 30, 40 கிலோ இருக்கும், மல்லாந்து படுத்து நெஞ்சில் தாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். மவுண்டைக் கழற்றி, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்ததும் கியர்பாக்ஸை நேராக, ஒரு பக்கமும் சாயாமல் எஞ்சினை விட்டு விலக்கி இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் பிளேட்டுக்குள் இருக்கும்போது முழு எடையும் அதில் தொங்கினால் பிளேட்டின் நடு ஹப் வளைந்துவிடும், ஏற்றும்போது புதிய பிளேட்டுக்கும் இதே ஆபத்து உண்டு.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரு தடவைக்கு அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஏர் கம்பிரசரால் ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அவசரமே வேண்டாம். பழைய பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரிவிட் தலை வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது ஆயுள் முடிந்த பிளேட். எண்ணெய் படிந்து பளபளத்தால் கிராங்க் சீலோ இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிகிறது, அதை மாற்றாமல் புதிய பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரமே எண்ணெய் குடித்து அதிரத் தொடங்கும். பிளேட் உரசுகிற எஞ்சின் பக்கச் சக்கரமான பிளைவீலில் நீல நிறத் திட்டுகள் இருந்தால் அதிகச் சூடு கண்டிருக்கிறது. நகத்தால் உணரும் அளவு பள்ளமோ மெல்லிய வெடிப்போ இருந்தால் எமரித் தாள் தேய்த்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை, பள்ளத்தை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம், வெடிப்பு என்றால் புதிது. இரண்டு துண்டாக, நடுவே ஸ்பிரிங் வைத்துச் செய்த டூயல் மாஸ் பிளைவீல் என்றால் லேத் வேலை பொதுவாக ஆகாது, கையால் முன்னும் பின்னும் திருப்பி ஆட்டத்தைப் பார்த்து மேனுவல் சொல்கிற அளவைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். பிளைவீலைக் கழற்றினால் போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள்.

புதிய பிளேட்டையும் பழையதையும் பக்கத்தில் வைத்து விட்டத்தையும் பல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். அப்புறம் புதியதை இன்புட் ஷாஃப்ட்டில் மாட்டி வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள், தவறான சாமானை இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் நல்ல நேரம். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவி, பிளேட்டை ஒரு தடவை ஓட்டி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுழற்சியில் தெறித்து உராய்வுப் பரப்பில் போய் விழும். புதிய பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயையும் பிரேக் கிளீனரால் எடுக்க வேண்டும், அதன்பின் அழுக்குக் கையால் தொட வேண்டாம்.

பிளேட்டுக்குப் பக்கம் உண்டு. பிளைவீல் பக்கம் எது என்று அதிலேயே எழுதியிருக்கும். பொதுவாக ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸை நோக்கி இருக்கும். சந்தேகம் வந்தால் பிளைவீலில் வைத்துப் பாருங்கள், தவறான பக்கம் என்றால் ஹப் போய் போல்ட்டில் இடிக்கும். சென்டரிங் டூலால் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டை லொகேட்டிங் பின்களில் உட்காரவைத்து, நட்சத்திர வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். இறுக்கி முடித்ததும் டூல் தடையில்லாமல் உள்ளே வெளியே போய்வர வேண்டும். சிக்கினால் பிளேட் நடுவில் இல்லை, தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட் சிலவற்றை மாட்டத் தனிக் கருவி தேவைப்படும்.

ரிலீஸ் ஃபோர்க்கின் திருப்பு முனைக்குக் கிரீஸ் வைத்து, புதிய பேரிங்கை மாட்டி, கியர்பாக்ஸை ஏற்றுங்கள். கடைசி ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி மூடாமல் அடம்பிடிக்கும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்: போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும், செய்தால் பிளேட் ஹப் நொறுங்கும் அல்லது ஹவுசிங் காது உடையும். ஒரு கியரைப் போட்டு வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சுற்றிக்கொண்டே, இரண்டு ஹவுசிங்குக்கும் நடுவே இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்து கியர்பாக்ஸைத் தள்ளினால் பல் கிடைத்ததும் சட்டென்று உள்ளே போய்விடும். முகங்கள் கையாலேயே ஒட்டிய பிறகுதான் போல்ட்.

மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். டிரைவ் ஷாஃப்ட்டுக்குப் புதிய நட், கியர் ஆயில் மேனுவல் சொல்கிற அளவு, ஹைட்ராலிக் லைன் திறந்திருந்தால் காற்று எடுப்பது, கேபிள் என்றால் பெடல் பிளே வைப்பது. ஸ்டார்ட் செய்யும் முன் பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்து விட்டு, எல்லா கியரும் விழுகிறதா என்று பார்த்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு வேகமாகக் கிளம்புவதும், மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிறுத்திவைப்பதும், சுமை இழுப்பதும் வேண்டாம், நின்று நின்று போகிற சாதாரண ஓட்டத்திலேயே பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆரம்பத்தில் லேசான வாடை வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க விட்டு, காலையில் அதில் ஆயில் சொட்டு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.