பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைகளில் யாருக்கு இடம்: பார்த்து அறியும் முறை

1930களிலும் 40களிலும் வந்த ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களில் யாருக்கு இடம் கிடைத்தது என்று ஆராய விரும்புபவர், திரையில் தெரியும் முகங்களை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவார். ஏனெனில் கறுப்பின நடிகர்கள் அப்படங்களில் அடிக்கடி தென்படுகிறார்கள், கதவைத் திறக்கிறார்கள், பெட்டி தூக்குகிறார்கள், நாயகிக்கு உடை எடுத்துக் கொடுக்கிறார்கள். காதலிப்பதற்கு யாருக்கு அனுமதி உண்டு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் படம் வெளியான ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோக்கள் 1930இல் தாமே ஏற்றுக்கொண்ட தணிக்கை விதிகள், 1934இன் நடுப்பகுதியிலிருந்து தணிக்கை நிர்வாகி ஜோசப் பிரீனின் மேற்பார்வையில் கண்டிப்புடன் அமலாயின. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான பாலுறவைக் காட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

அடுத்து, பணியாளர் வரும் காட்சியை இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை நாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டுப் பணியாளரை மட்டும் கவனியுங்கள். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் இயக்கிய 'தி பாம் பீச் ஸ்டோரி' (1942) படத்தில், ஓடும் ரயிலின் மதுக்கூடப் பெட்டியில் குடித்திருக்கும் செல்வந்த வேட்டைக்காரர்கள், பரிமாறுபவரை பிஸ்கட்டுகளை மேலே வீசச் சொல்லித் துப்பாக்கியால் சுடுகிறார்கள். அவருடைய நடுக்கம்தான் நமக்குச் சிரிப்பாகப் பரிமாறப்படுகிறது. பாத்திரத்தின் பெயர் ஜார்ஜ். ரயில் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயராலேயே கறுப்பினப் பணியாளர் எல்லோரையும் பயணிகள் விளித்த வழக்கம் அதில் ஒலிக்கிறது. நடித்தவர் ஃபிரெட் டூன்ஸ். 'ஸ்னோஃப்ளேக்', அதாவது பனித்துகள், என்ற கேலிப்பெயராலேயே அவர் பல படங்களில் அறியப்பட்டார். படம் எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால், இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

திரைக்கே வராதவர்களையும் தேடுங்கள். 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' (1940) கதையில் தூக்குத்தண்டனைக் கைதி சுட்டுக் கொன்றது ஒரு கறுப்பினக் காவலரை. அவ்வினத்தாரின் வாக்குகளுக்காகவே மேயர் தண்டனையை அவசரப்படுத்துகிறார். கதையையே நகர்த்தும் அந்தக் காவலரை நாம் ஒரு நொடியும் பார்ப்பதில்லை.

நடிகர்களின் வாழ்க்கை வரலாறும் உதவும். 'தி கவ்பாய் அண்ட் தி லேடி' (1938) படத்தில் கேரி கூப்பருக்கு ஜோடியான மெர்ல் ஓபரான் 1911இல் பம்பாயில், இலங்கை வேர்கள் கொண்ட யூரேசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு) குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கலப்பு வேரை மறைத்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகவே ஸ்டுடியோவும் அவரும் சொல்லிவந்தனர். எனவே முகத்தை வைத்து ஒருவரைக் கணக்கில் சேர்ப்பதும் நீக்குவதும் ஆபத்து.

விதிவிலக்குகளையும் எழுதிவையுங்கள். 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' (1938) படத்தில் லில்லியன் யார்போவும் எடி ஆண்டர்சனும் ஒரு காதல் ஜோடி, ஆனால் அந்தக் காதல் சமையலறையைச் சுற்றியே நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, விதிகள் இறுகுமுன் வந்த 'புரொஃபெஷனல் ஸ்வீட்ஹார்ட்' (1933) படத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் வானொலிப் பாடகியான ஜிஞ்சர் ரோஜர்ஸின் இடத்தில், பணிப்பெண்ணாக வரும் தெரசா ஹாரிஸ் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். அவர் பெயரைப் படத்தின் நடிகர் பட்டியலில் தேடினால் கிடைக்காது.