மோட்டார் நின்றால் முதலில் டேங்கைப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் கெடிலமும் பரவனாறும் கலந்து கடலுக்குப் போகும் முகத்துவாரத்தைப் பைபர் படகில் கடந்தவர்களுக்கு, மோட்டார் நிற்கவே கூடாத இடம் எது என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அதற்குச் சற்று உள்ளே படகின் பின்புறம் மாட்டும் எங்கள் அவுட்போர்டு மோட்டார் இரண்டு முறை இரைந்து அடங்கிவிட்டது. நங்கூரம் போட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, அதில் பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளை ஊதித் திரும்பப் பொருத்தியதில் முக்கால் மணி நேரம் போயிற்று. மோட்டார் சில நிமிடங்கள் ஓடி மறுபடியும் நின்றபோதுதான், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்றை விட வேண்டிய, மூடியின் மேலுள்ள காற்றுத் திருகு இறுக மூடியிருந்ததைக் கவனித்தோம். அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் முறை ஒன்றே: பெட்ரோல் எந்த வழியாக வருகிறதோ அந்த வரிசையிலேயே, டேங்கில் தொடங்கிக் கார்புரேட்டரில் முடிக்க வேண்டும். இங்கே சொல்வது கார்புரேட்டர் உள்ள மோட்டார்களுக்கே பொருந்தும். இன்ஜெக்‌ஷன் வகையில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் ஓடுவதால் அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கோளாறு பெட்ரோலிலா, அதைப் பற்றவைக்கும் மின்பொறியிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்பொறியின் பக்கம் குறை இருக்கும். வேகம் ஏறி இறங்கி, திணறி, மெல்ல அடங்கினால் பெட்ரோல் போதவில்லை என்று கொள்ளலாம். திணறும்போது, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சிறிது இழுத்ததும் மோட்டார் தேறினால் ஐயமே வேண்டாம். பலமுறை கயிற்றை இழுத்தும், மின்பொறி எழுப்பும் பிளக் உலர்ந்தே இருந்தால் உள்ளே பெட்ரோல் போய்ச் சேரவில்லை. எதைக் கழற்றும் முன்பும் பீடி, அடுப்பு இரண்டும் படகில் அணைந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடித்தட்டிலேயே தங்கி நிற்கும்.

டேங்கிலிருந்து மோட்டாருக்குப் பெட்ரோல் வரும் ஓஸின் நடுவில், கையால் அமுக்கும் ரப்பர் பல்புதான் இந்த வேலையில் நமக்கு வாய்த்த சிறந்த கருவி. மோட்டார் ஓடும்போதே பல்பு உள்வாங்கிச் சப்பையாகிவிட்டால், தடை அதற்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது: காற்றுத் திருகு மூடியிருக்கலாம், டேங்கினுள் உறிஞ்சும் குழாயின் வலை அடைத்திருக்கலாம், அல்லது ஓஸ் பலகைக்கடியில் மடங்கிக் கிடக்கலாம். மாறாக, அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பல்பைப் பிடித்து எத்தனை முறை அமுக்கினாலும் அது கெட்டிப்படவில்லை என்றால், காற்று கசிகிறது, பல்பினுள் இருக்கும் வால்வு பழுதாகிவிட்டது, அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. பல்பு நன்றாகக் கெட்டிப்பட்டும் பிளக் உலர்ந்திருந்தால் அடைப்பு மோட்டார் பக்கம் உள்ளது.

காற்றுக் கசிவு ஏமாற்றக்கூடியது. பல்புக்கும் மோட்டாருக்கும் இடையில் உள்ள கசிவு பல்பை அமுக்கும்போது துளியாக வெளியே தெரியும். டேங்குக்கும் பல்புக்கும் இடையில் உள்ளதோ உறிஞ்சும் பக்கம் என்பதால் ஒரு சொட்டுகூட வெளியே வராமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அந்தப் பகுதியில் பெட்ரோல் தாங்கும் கண்ணாடி போன்ற ஓஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகச் செருகினால் குமிழி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இணைப்பு முனையின் ஓ-ரிங்குகளை, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை, உப்பும் வெயிலும் விரைவில் தின்றுவிடுகின்றன. குறை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

மோட்டார் அடங்கப் போகும் நேரத்தில் பல்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் அது ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால், பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வான டயாபிரம் தளர்ந்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் இந்தச் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக கிராங்க் அறைக்குள் போய்ப் பிளக்கை நனைக்கும். கரை சேரும்வரை பல்பை அமுக்கி ஓட்டலாம். ஆனால் மெதுவாக ஓட்டுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும்.

கார்புரேட்டருக்கு வரும்போது, கழற்றுவதற்கு முன் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் அது தண்ணீர். அப்போது டேங்கையே காலி செய்ய வேண்டும், ஜெட்டைத் துடைப்பதால் பயனில்லை. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படகு நாள்கணக்கில் கரையில் கிடக்கும்போது அரை டேங்க் பெட்ரோலை அப்படியே விட்டு வைப்பது இந்தத் தொல்லையை நாமே வரவழைப்பதாகும். ஆற்றுக்குள் நன்றாக ஓடிய மோட்டார் அலைக்குப் போனதும் திணறினால், டேங்கின் அடியில் கிடந்த தண்ணீரும் கசடும் குலுங்கி மேலே வந்திருப்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மெதுவோட்டத்தில் நிற்காமல் ஓடி, ஆக்சிலேட்டரைத் திருகினால் மடிந்தால் மெயின் ஜெட்டையும், வேகத்தில் ஓடி மெதுவோட்டத்தில் நின்றால் பைலட் ஜெட்டையும் பாருங்கள். கம்பி நுழைத்துக் குத்தாதீர்கள்; துளை சிறிது அகன்றாலும் அளவு கெட்டுவிடும். கார்புரேட்டர் ஸ்பிரேயும் காற்றும் போதும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். பில்டரைக் கழுவுவதைவிட மாற்றுவதே மலிவு.

கரையில் ஓட்டிப் பார்ப்பதானால் மோட்டாரின் கால் தண்ணீர் நிறைந்த டிரம்மில் முங்கியிருக்கட்டும். வெறுமனே ஓட்டினால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். பிறகு ஆற்றுக்குள்ளேயே பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, பல்பைத் தொட்டுப் பார்த்து, அது சப்பையாகாமல் இருந்தால் மட்டும் முகத்துவாரத்துக்குத் திரும்புங்கள். ஒரு பல்பு, ஒரு பில்டர், இரண்டு பிளக், நான்கு ஓ-ரிங் ஆகியவற்றை ஈரம் புகாத டப்பாவில் போட்டு டேங்குக்குப் பக்கத்திலேயே கட்டி வையுங்கள்.