மழை பிடிப்பதற்குள்: டேப்புக்கு போன் வழியாக நெட், இரண்டுக்கும் பேக்கப்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சம்பா நடவு நேரம். மடையைத் திறக்க அப்பா வாய்க்காலில் குனிந்தார். சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போய்விட்டது. சேற்றைத் துழாவி எடுக்கவே கால் மணி நேரமானது. வீட்டுக்கு வந்ததும் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். போனை அரிசி டின்னில் புதைத்து வைத்தோம். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது சார்ஜர் குத்தும் ஓட்டையில் தவிடும் குருணையும் அடைத்திருந்தன. போன் உயிர் பெறவில்லை.

போன் போனதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் எங்கள் அப்பாயி பாடிய நடவுப் பாட்டுகள் 9 பதிவுகளாக இருந்தன. அப்பாயி அந்த வருடம் தை மாதமே எங்களை விட்டுப் போய்விட்டார். 9 பதிவில் இன்று எங்களிடம் இருப்பது ஒன்றுதான், 40 வினாடி. சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு அப்பா அதை எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதனால் பிழைத்தது.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் வீடு வீடாக உட்கார்ந்து நான் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் போனிலிருந்து டேப்புக்கு நெட் கொடுப்பது, அடுத்து இரண்டிலும் இருப்பதற்கு நகல் எடுத்து வைப்பது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் டேப்பின் கண்ணுக்கு அது வெறும் வைஃபை. 'வைஃபை வந்துவிட்டது' என்று அது தன்னிடமிருக்கும் படங்களையெல்லாம் மேலே ஏற்ற ஆரம்பித்தால் உங்கள் அன்றாட டேட்டா காலை எட்டு மணிக்கே காலி. ஒன்றைச் சரியாக வைக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது.

ஹாட்ஸ்பாட் போடுவது

எங்கள் வீட்டு டேப்பில் சிம் போட இடம் கிடையாது. அக்கா மகள் பிளஸ் டூ பாடம் பார்ப்பது அதில்தான். கரண்ட் போனால் வீட்டு வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். அப்போது கைகொடுப்பது போன்தான்.

1. போனில் மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் திறந்தால் போதும்.

2. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்பதைத் தொடுங்கள். அதற்குள் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' இருக்கும். சாம்சங் போனில் இதே விஷயம் 'கனெக்‌ஷன்ஸ்' என்பதன் கீழ் இருக்கிறது. ஐபோனில் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்'. எங்கே என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் 'ஹாட்ஸ்பாட்' என்று அடியுங்கள், வந்துவிடும்.

3. ஆன் செய்வதற்கு முன் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். உங்கள் போன் நம்பரையே வைக்காதீர்கள், தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும். பாதுகாப்பு என்ற இடத்தில் 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' இருக்கட்டும். பாஸ்வேர்டே இல்லாத 'ஓபன்' வேண்டாம்.

4. 'பேண்ட்' என்று ஒன்று கேட்கும், 2.4 ஜிகாஹெர்ட்ஸா 5 ஜிகாஹெர்ட்ஸா என்று. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் மெதுவானாலும் தூரம் போகும். பழைய டேப்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். டேப்பின் பட்டியலில் உங்கள் போன் பெயரே வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஐபோன் 12-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானைத் தள்ளினால் 2.4-க்கு மாறும்.

5. இப்போது ஆன் செய்யுங்கள். டேப்பில் வைஃபை பட்டியலைத் திறந்து, உங்கள் போன் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டு கொடுங்கள். ஐபோனாக இருந்தால் இணையும்வரை அந்த ஹாட்ஸ்பாட் பக்கத்தை மூடாமல் வையுங்கள்.

ப்ளூடூத் வழியாகவும் யூஎஸ்பி வயர் வழியாகவும்கூட நெட் கொடுக்கலாம். ப்ளூடூத்தில் பேட்டரி மிச்சமாகும், வேகம் ரொம்பக் குறைவு. வயர் கம்ப்யூட்டருக்குத்தான் ஒத்து வரும்.

போனை எங்கே வைப்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதிச் சிக்கல் இதில்தான் தீர்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி வயல், டவர் தூரத்தில். கான்கிரீட் கூரைக்குக் கீழே நடு அறையில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். பிள்ளைகள் டேப்பும் போனுமாக மாடிப்படியில் போய் உட்காருவார்கள். அது தேவையே இல்லை. சிக்னல் வேண்டியது போனுக்கு, டேப்புக்கு அல்ல. டேப்புக்கு போன் எட்டினால் போதும்.

எங்கள் வீட்டில் டவர் இருக்கும் திசையில் கிழக்கு ஜன்னல். அதன் கம்பியில் மஞ்சள் பை ஒன்றை மாட்டியிருக்கிறோம். போனை அதில் வைத்தால் மூன்று கோடு. டேப் உள்ளே மேசையில். நடுவில் ஒரு சுவர், 2.4 அதைத் தாண்டிவிடும். காலை வெயில் நேராக விழும் நேரத்தில் மட்டும் போனை எடுத்துவிடுவோம். ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் தானாகவே சூடாகும், அதற்கு மேல் வெயிலும் சேர்ந்தால் பேட்டரிக்கு ஆகாது. வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். யாரும் இணையாதபோது தானே அணையும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது.

டேட்டாவுக்கு அணை கட்டுவது

டேப்பில் வைஃபை பட்டியலில் உங்கள் போன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொடுங்கள். 'மீட்டர்ட்' என்ற சொல்லைத் தேடி அதைத் தேர்ந்தெடுங்கள். 'இது அளந்து கொடுக்கிற நெட், கண்டபடி இறக்காதே' என்று டேப்பிடம் சொல்வது அது. சில டேப்கள் ஹாட்ஸ்பாட் என்பதைத் தாமே கண்டுபிடித்துவிடும், சில கண்டுபிடிக்காது. நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. ஐபேடில் இதற்குப் பெயர் 'லோ டேட்டா மோட்'.

அப்புறம் டேப்பின் ப்ளே ஸ்டோரில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். டேப்பில் இருக்கும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் இப்போதைக்கு அணைத்து வையுங்கள். யூடியூபில் படத்தின் தரத்தை 480-க்குக் குறையுங்கள், பாடம் பார்க்க அது போதும்.

நாளுக்கு 1.5 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 4 எம்பி படம் ஏறக்குறைய 375 ஏற்றினாலே அது தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ஒரே ஒரு படம் ஏற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆன்லைன் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தை அந்த நேரத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

பேக்கப்: முதலில் படங்கள்

போனில் கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது பக்கம் உங்கள் படத்தைத் தொட்டால் பேக்கப் நிலை தெரியும். ஆன் செய்யுங்கள். கேமரா படங்கள் மட்டும்தான் தானாகப் போகும். வாட்ஸ்அப்பில் வந்தவை வேண்டுமென்றால் அந்த போல்டரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையானவர்கள் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் காலை வணக்கப் படங்களே இடத்தை அடைத்துவிடும்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். 2021 ஜூன் 1 வரை சுருக்கிய படங்கள் கணக்கில் வராமல் இருந்தன, இப்போது எல்லாமே கணக்கு. ஆப்பிளின் ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான்.

முதல் தடவை மொத்தமாக ஏற்றுவதை மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள். தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும்போது அங்கிருக்கும் வைஃபையில் ஓர் இரவு சார்ஜில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு தினமும் சேர்வது கொஞ்சம்தான். இரவு பத்து மணிக்கு மேல் அன்றைய டேட்டா மிச்சமிருந்தால் பத்து நிமிடம் மொபைல் டேட்டா பேக்கப்பைத் திறந்துவிடுங்கள். விடிந்தால் புதுக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸுக்குள்ளேயே போய் அழித்தால் போனிலும் போகும், கூகுளில் ஏற்றி வைத்த நகலும் போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். போனில் இடம் வேண்டுமென்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள். அது போனிலிருந்து மட்டும் எடுக்கும்.

போன் நம்பர்கள்: காண்டாக்ட்ஸில் புது நம்பர் சேமிக்கும்போது சிம், போன், கூகுள் என்று கேட்கும். கூகுள் கணக்கில் சேமியுங்கள். சிம்மில் கிடப்பவற்றை 'இம்போர்ட்' செய்து அங்கே கொண்டுவரலாம்.

செட்டிங்ஸில் 'கூகுள்', அதற்குள் 'பேக்கப்' என்று இன்னொன்று இருக்கிறது. எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், செயலிகளின் விவரங்கள் அதில் போகும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். லீவில் வந்தபோது வைத்திருந்த போனைப் பீரோவில் வைத்துவிட்டுப் போனால், 57 நாள் அது பயன்படாமல் இருக்கும்போது இந்தப் பேக்கப் அழிக்கப்படலாம்.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். கூகுள் கணக்கைக் கொடுத்து, 'தினமும்' அல்லது 'வாரம் ஒருமுறை' என்று வையுங்கள். 'வீடியோவும் சேர்' என்பது அணைந்தே இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் இதுவும் இப்போது அந்த 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். விடிகாலை 2 மணிக்கு போனுக்குள்ளேயே ஒரு நகலை வாட்ஸ்அப் எடுத்து வைக்கும். போனே வாய்க்காலில் விழுந்தால் அந்த நகலால் என்ன பயன்? அப்பா போனில் இருந்தது அது மட்டும்தான்.

'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' போட்டு பாஸ்வேர்டு வைக்கலாம், நல்ல பாதுகாப்பு. ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. எழுதி வைப்பவர்கள் மட்டும் வையுங்கள். புது போனில் திரும்ப எடுக்க அதே நம்பரும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். அதனால் போன் தொலைந்ததும் முதல் வேலை அதே நம்பரில் மாற்று சிம் வாங்குவது.

நெட் இல்லாதபோது டேப்பே நகல்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கூகுளை நம்பி உட்கார முடியாது. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'குவிக் ஷேர்', ஆப்பிளில் 'ஏர்டிராப்'. போனையும் டேப்பையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஆன் செய்து, படங்களைத் தேர்ந்தெடுத்து ஷேர் கொடுத்தால் நேராக டேப்புக்குப் போகும். டேட்டா செலவில்லை, படம் சுருங்குவதும் இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

பயிர்க் காப்பீட்டுக்கு எடுத்த வயல் படம், பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் இவை டேப்புக்கும் ஏறட்டும்.

அப்புறம் ஒரு ஓடிஜி பென்டிரைவ். டைப் சி முனை உள்ளதை வாங்கினால் போனில் நேராகக் குத்தலாம். 'ஃபைல்ஸ்' செயலியில் படங்கள் இருக்கும் 'டிசிஐஎம்' போல்டரை நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். 'மூவ்' கொடுக்காதீர்கள், 'காப்பி' கொடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவில்லை என்றால் பென்டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருக்கிறது என்று அர்த்தம். 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் உள்ளிருப்பது அழியும், அதனால் முதலிலேயே செய்துவிடுங்கள்.

நாங்கள் இதை ஆடிப்பெருக்கு அன்று செய்கிறோம். யாருக்கும் மறக்காத நாள், ஐப்பசி மழைக்கும் முன்னால் வந்துவிடுகிறது. இரண்டு பென்டிரைவ். ஒன்று பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில் ஜிப் பைக்குள். இன்னொன்று திருச்சியில் தங்கை வீட்டில்.

திறந்து பாருங்கள்

பேக்கப் ஆனது என்று திரையில் வந்தால் மட்டும் நம்பாதீர்கள். டேப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, போனில் இருக்கும் அதே கூகுள் கணக்கில் நுழைந்து, நேற்று எடுத்த படம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பழைய வீடியோவையும் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த 40 வினாடிப் பாட்டை நாங்கள் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்கிறோம்.

போன் தண்ணீரில் விழுந்தால் உடனே அணையுங்கள். சார்ஜில் போடாதீர்கள். அரிசியில் புதைக்காதீர்கள், வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு தாள். புது போனில் கூகுளுக்குள் நுழையும்போது பழைய போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்கும். பழைய போன்தான் இல்லையே. அதனால் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டிருப்பவர்கள் அதற்குள் 'பேக்கப் கோட்ஸ்' என்பதைத் திறந்து, வரும் 10 குறியீடுகளையும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து அதே போனில் வைக்காமல், பென்டிரைவ் இருக்கும் ஜிப் பையிலேயே மடித்து வையுங்கள்.