நாயோடு மாட்டுங்காவில் இனிப்பு தேடி ஒரு காலை நடை: முதன்முறை கிளம்புபவர்களுக்கு

மும்பையில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் பலர், ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குக் கிளம்பும்போது அதை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போகிறார்கள். கூட்டிக்கொண்டே போகலாம். தாதர் பார்சி காலனியில் உள்ள ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் தொடங்கி மாட்டுங்கா கடைத்தெருவில் முடிகிற இந்த நடை, ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வேகத்தை நாயிடமே விட்டுவிடலாம். அது என்ன தின்னும் என்பதை மட்டும் விடக்கூடாது.

முந்தின நாள் இரவு

நாய்க்கான இனிப்பை வீட்டிலேயே செய்துவிடுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கை உப்பும் நெய்யும் இல்லாமல் வேகவைத்துத் தோலுரித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி டப்பாவில் போட்டால் வேலை முடிந்தது. வாழைப்பழத் துண்டும் ஆகும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. நாய்க்கு நன்றாகத் தெரியும், ரசித்தே தின்னும். தின்பண்டம் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு.

பையில் தண்ணீர், கிண்ணம், கழிவை அள்ளப் பழைய செய்தித்தாள். கயிறு ஐந்தாறு அடி போதும். இழுக்க இழுக்க நீள்கிற வகை மாட்டுங்கா நடைபாதைக்கு உதவாது.

கிளம்பும் நேரம்

காலை ஆறரை. எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மும்பைப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. தரை சுடுமோ என்று சந்தேகமாக இருந்தால் புறங்கையை அதில் ஏழு விநாடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை மிதிக்கவோ நக்கவோ விடாதீர்கள், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை

ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றியுள்ள மரநிழல் நடைபாதையே போதும். உள்ளே போவதானால் வாசல் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். பார்சிகளுக்கு நாய் மேல் தனி மரியாதை உண்டு. 1832-ல் கம்பெனி ஆட்சி தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியபோது பம்பாயில் கலவரத்தில் இறங்கியவர்கள் அவர்கள். அந்தப் பேட்டையில் நாயோடு நடந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

மோப்பம் பிடிக்க நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஒவ்வொரு விளக்குக் கம்பமும் அதற்கு ஒரு தினத்தந்தி. தெருநாய்கள் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், கயிற்றையும் விறைப்பாக இழுக்காதீர்கள். நாயை உங்கள் மறுபக்கம் கொண்டுவந்து, நிதானமாகச் சாலையைக் கடந்துவிடுங்கள்.

கடை வாசலில்

இந்த நடைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே போக, மற்றவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். கம்பத்தில் கட்டிவிட்டு நுழைகிற வழக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷன் பக்கம் ராம் ஆஷ்ரயா உணவகத்தில் அன்னாசி ஷீரா (நம் ரவா கேசரி மாதிரி) பிரசித்தம். ஞாயிறு காலை வரிசையும் அப்படித்தான். பார்சல் வாங்கிக்கொண்டு பூக்கடைகளைத் தாண்டி நெரிசல் இல்லாத நிழலுக்குப் போய்விடுங்கள்.

இனிதான் கஷ்டம். நாய் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். மனம் இளகாதீர்கள். ஷீராவில் போடும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. எத்தனை தின்றால் ஆபத்து என்று வரையறுக்க முடியாததால் ஒன்றுகூட வேண்டாம். பூரண் போளியிலும் ஸ்ரீகண்டிலும் ஜாதிக்காய் சேர்ப்பார்கள், அதுவும் ஆகாது. சாக்லேட் மோதகத்தில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருள் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். நெய் சொட்டும் மைசூர்பாகு கணையத்தில் வீக்கம் உண்டாக்கலாம். எல்லாவற்றையும்விட மோசம், அப்பாவுக்காக வாங்கும் சர்க்கரையில்லா இனிப்பு. அதில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். “ஒரு வாய்தானே, பாவம்” என்று பக்கத்தில் நிற்கும் மாமி கெஞ்சினாலும் டப்பாவைத் திறந்து கிழங்கை நீட்டுங்கள். இளநீர்க்காரர் இருந்தால் வழுக்கையில் ஒரு சிறு துண்டு தரலாம்.

வீடு திரும்பியதும்

பாதங்களைக் கழுவித் துடையுங்கள். காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வழியில் ஆகாதது எதையாவது விழுங்கியிருந்தால், வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, தின்றதன் உறையையும் எடுத்துக்கொண்டு, அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள். வழக்கமான மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். மாட்டுங்காவிலிருந்து பரேல் பக்கம்தான். பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை அங்கே இருக்கிறது. அதன் எண்ணையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.