கேமரா விமர்சகரை நம்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்யாணப் படமெடுக்கும் வேலைக்கென்று முதல் கேமரா வாங்கப் போகிறவர், பெரும்பாலும் கடைப்படி ஏறுவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார். இரவெல்லாம் கைபேசியில் பார்த்த விமர்சனங்களில் எவர் அதிக உறுதியோடு பேசினாரோ, அவருடைய முடிவே இவருடைய முடிவாகிறது. ‘இதை வாங்காதீர்கள், பணம் பாழ்’ என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டால், அதன்பின் கடைக்காரர் எவ்வளவு விளக்கினாலும் காதில் ஏறுவதில்லை. இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

உறுதியான பேச்சை நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. அதைக் கண்டு எரிச்சலடைந்து, சொந்தக் கருத்தை அழுத்திச் சொல்பவர் எவரையும் நம்பக் கூடாது என்று முடிவுகட்டுவது அதற்கு இணையான தவறு. எப்போதும் ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டும் தராசைக்கூட, அந்த ஐம்பது கிராமைத் தெரிந்துகொண்டால் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டும் தராசுதான் உதவாது. அமெரிக்காவைச் சேர்ந்த கேமரா விமர்சகர் கென் ராக்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த வண்ணங்களும், எடை குறைந்த கருவிகளும், ரா கோப்புகளை (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருந்து, பின்னால் திருத்த இடம் தருபவை) விட, கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படங்களும் அவருக்குப் பிடித்தமானவை என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. அவரது விருப்பம் தெரிந்தபின், அவர் ஒரு கேமராவைப் புகழும்போது அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு நமக்குப் பொருந்தும் என்று நாமே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வரும் பொருளையெல்லாம் ‘அருமை’ என்று சொல்லும் இனிய குரல்காரரிடம் கழித்துப் பார்க்க எதுவும் இல்லை.

ஆனால் கழிக்க வேண்டுமென்றால் நம் வேலை எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தேவாலயத் திருமணம் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: மணமகள் வெள்ளைச் சேலையில், மணமகன் கறுப்பு கோட்டில், பின்னால் வெயில் அடிக்கும் சன்னல், மற்ற இடமெல்லாம் அரை இருட்டு. வெள்ளையிலும் கறுப்பிலும் நுணுக்கம் கெடாமல் மீட்டெடுக்க ரா கோப்பு தேவைப்படும் இடம் இது. சுற்றுலாப் படங்களுக்காக ஜேபெக் போதும் என்று சொல்பவரின் அறிவுரை அவருக்குச் சரி. அதை அப்படியே பீடத்தின் முன் கொண்டுவந்தால், ஆல்பம் வடிவமைப்பவர் நம்மைத்தான் திட்டுவார். அதேபோல், கேமராவைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பேசும் ஒருவர், திரும்பும் திரை இல்லை என்பதற்காக ஒரு கேமராவை ஒதுக்குவார். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளில் காலை ஆறு மணிக்குப் பறவைகளுக்காகக் காத்திருப்பவருக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. அவருக்கு வேண்டியது தொலைவை எட்டும் லென்ஸும் விரைவான ஃபோகஸும்.

‘ஃபுல் ஃபிரேம் இல்லாவிட்டால் இருட்டில் படமே எடுக்க முடியாது’ என்ற தீர்ப்பு நம் ஊர் இளைஞர்களை அதிகம் கடனாளியாக்கும் தீர்ப்பு என்பதால், அதைச் சற்று விரிவாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் தகடுதான் சென்சார்; ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். பரவலாகப் பயன்படும், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் இது சுமார் 2.4 மடங்கு வித்தியாசம், அதாவது ஒளிக் கணக்கில் ஒரு ஸ்டாப்பைவிட (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) சிறிது அதிகம். பெட்டியோடு வரும் கிட் லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6-இல் நின்றுவிடும், விலை குறைந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). இந்த இரண்டுக்கும் இடையே ஒளியில் ஒன்பது மடங்குக்கு மேல், மூன்று ஸ்டாப்புக்கும் கூடுதலான வித்தியாசம் உண்டு. இருக்கிற பணத்தையெல்லாம் பெரிய சென்சாரில் போட்டுவிட்டுக் கிட் லென்ஸோடு தேவாலயத்துக்குள் நுழைபவரைவிட, சிறிய சென்சாரில் நல்ல லென்ஸ் மாட்டியவரே அன்று தெளிவான படத்தோடு வெளியே வருவார். விமர்சகர் பொய் சொல்லவில்லை. ஒரே லென்ஸ் அளவில் ஒப்பிட்டுச் சொன்னார், நம் பையில் இருப்பதை அவர் பார்க்கவில்லை.

விமர்சனம் வெளிவந்த தேதியைப் பார்க்காமல் விடுவது, செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நிகான் இசட் 6 கேமரா 2018 இறுதியில் வந்தபோது, கண்ணை அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் வசதி அதில் இல்லை என்று பலர் குறை கூறினார்கள். 2019 மே மாதம் மென்பொருள் மேம்படுத்தலில் அந்த வசதி வந்துவிட்டது. அதே கேமராவில் மெமரி கார்டுக்கு ஒரே ஓர் இடம்தான் என்ற குறையோ இன்றும் அப்படியே இருக்கிறது. பழைய விமர்சனத்தில் மென்பொருளால் தீரக்கூடிய குறை எது, உலோகத்திலேயே தங்கிவிட்ட குறை எது என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

சோதனை நடந்த ஊரும் முக்கியம். கேனான் இஓஎஸ் ஆர்5 கேமரா 2020-இல் வந்தபோது, அது சூடாகி நின்றுவிடுகிறது என்பதே பேச்சாக இருந்தது. அந்தச் சிக்கல் 8கே போன்ற உயர்தர வீடியோவைப் பற்றியது. சாதாரண 4கே-யில் எடுப்பவருக்கும், வெறும் படம் எடுப்பவருக்கும் அது பெரிதாகப் பொருந்தவில்லை. எனினும் 8கே-யில் சுமார் 20 நிமிடம் என்று நிறுவனம் கொடுத்த கணக்கு 23 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை மாதத்தில், ஏசி இல்லாத மண்டபத்தில், வீடியோ விளக்குகளுக்கு நடுவே 23 டிகிரி என்பது நமக்கு வாய்க்காத சுகம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கடற்காற்றில் வரும் உப்பு இன்னொரு எதிரி. வறண்ட நாட்டிலிருந்து பேசுபவர் இவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. விமர்சனத்துக்காக இரண்டு வாரக் கடனாக வந்த கேமராவில் பூஞ்சை பிடிக்க நேரமும் இருக்காது. ஒரு விமர்சகர் மெச்சிய லென்ஸை வாங்கிப் பையிலேயே வைத்திருந்த நான், ஐப்பசி மழை முடிந்து திறந்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலையைப் போல் பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டேன். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கச் சொன்னவர் எங்கள் தெருவில் கேமரா பழுதுபார்ப்பவர்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கும் இணைப்பிலிருந்து கமிஷன் பெறுவதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிடுவதில்லை. மறைப்பதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணமோ இலவசப் பொருளோ பயணமோ பெற்றுப் பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாக, பரிந்துரை செய்யும் அதே மொழியில் அறிவிக்க வேண்டும். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும். இருபது நிமிடம் தமிழில் பேசிவிட்டு, கீழே விவரக் குறிப்பில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டு வைப்பது இதற்குப் பொருந்தாது.

கடைசியாக, யூடியூப் சுருக்கிக் கொடுத்த படத்தைக் கைபேசித் திரையில் பார்த்து இரண்டு கேமராக்களின் வண்ணத்தை ஒப்பிடுவது வீண் வேலை. அங்கே தெரிவது பெரும்பாலும் அவர் செய்த வண்ணத்திருத்தமே. அதைவிட, மனதில் இருக்கும் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தேரூரில் காலையும் தேவாலயத்தில் மாலையுமாக உங்கள் பழைய கேமராவோடு சேர்த்துப் படமெடுங்கள். இரண்டையும் 12-க்கு 36 அங்குல ஆல்பம் தாளில் அருகருகே அச்சிட்டு, எது எதன் படம் என்று சொல்லாமல் வீட்டாரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா விரல் வைத்தது, நான் விற்றுவிட நினைத்திருந்த பழைய கேமராவின் படத்தின் மேல்.